புனிதரை விட்டுவைத்த கத்தரி

மெழுகுதிரித் திருநாளன்று காலையில் சதுக்கத்துக் கல்தூணில் புனித விளாஹோவின் கொடி ஏறிவிட்டால் போதும், துப்ரோவ்னிக் துறைமுக நகரின் கிழக்கு, மேற்கு வாசல்கள் இரண்டின் வழியாகவும் ஊர் விரட்டிய கழிசடைகள் எல்லாம் உள்ளே வந்துவிடும். கன்னம் வைத்தவன், கத்தியால் குத்தியவன், அடுத்தவன் பெண்டாட்டியோடு படகேறியவன் என்று எவனாக இருந்தாலும் சரி, அந்தக் கொடி பறக்கிற வரையில் அவன்மேல் காவலன் விரலைக்கூட வைக்கக் கூடாது. புனிதர் கொடுத்த விடுதலையாம். புனிதருக்கு வேறு வேலை இல்லை பாருங்கள். ஊர்க்காரர்கள் அதற்கும் ஒரு படி மேல். விரட்டும்போது காறித் துப்பிய அதே ஆட்கள் இப்போது தெருவிலேயே அவர்களைக் கட்டிப்பிடித்து, முதுகில் தட்டி, “இளைச்சுப் போயிட்டியேப்பா” என்று உருகி, ஒரு கோப்பை ஒயினும் வாங்கிக் கொடுப்பார்கள்.

அந்தக் கோப்பைகளை நிரப்புகிறவள் ஸ்லாவுஷா. மீன் சந்தைக்கு அடுத்து, துறைமுக வாசலை ஒட்டியிருக்கிற ஒயின் கடை அவளுடையது. பீப்பாய் செய்து பிழைத்த அப்பா அவளுக்கு விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். நாற்பதைத் தாண்டியவள், தடித்த கைகள், தெருமுனை வரை கேட்கிற குரல். பிள்ளை குட்டி கிடையாது. கெட்ட சரக்கை ஊற்ற மாட்டாள், கெட்ட ஆளை உட்கார விட மாட்டாள் என்று அவளுக்கு ஒரு பெயர் உண்டு. முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி பொய், ஏனென்றால் வருஷா வருஷம் கொடி ஏறியதும் ஒரு கெட்ட ஆள் கோத்தோரிலிருந்து வந்து அவள் வீட்டிலேயே சட்டமாக உட்கார்ந்துவிடுவான். பெயர் பிரிப்கோ. மாதா கோயிலில் அவளோடு மோதிரம் மாற்றிய புருஷன்.

இந்தப் பிரிப்கோவை அவள் தலையில் கட்டியது அவள் அண்ணன் ரத்கோ. ரத்கோ நாணயச்சாலையில் சுத்தியல் அடிக்கிறவன். கீழ் அச்சின்மேல் வெள்ளி வில்லையை வைத்து, மேல் அச்சை அதன்மேல் நிறுத்தி, ஒரே போடு. ஒரு பக்கம் ஆண்டவர் விழுவார், மறுபக்கம் கோலும் தொப்பியுமாகப் புனித விளாஹோ விழுவார். அதுதான் நம் வெள்ளித் தினார். ரத்கோ நல்லவன். நல்லவர்களுக்கே உரிய மந்தம் அவனிடமும் இருந்தது. கூட வேலை செய்கிறவன் எல்லாம் தன்னைப் போலவே இருப்பான் என்று நம்பினான். கூட வேலை செய்த பிரிப்கோவோ வெள்ளித் தகட்டைக் கத்தரியால் வில்லை வில்லையாக வெட்டுகிறவன். தினமும் காலையில் முதலில் அடித்த காசை எடுத்து, புனிதரின் காலில் முத்தம் வைத்துவிட்டுத்தான் கத்தரியைத் தொடுவான்.

“பக்தியான பையன். குடிக்க மாட்டான்” என்று அண்ணன் வந்து சொன்னான்.

குடிக்க மாட்டான் என்பது வாஸ்தவம். குடிப்பதற்கும் கொஞ்சம் துணிச்சல் வேண்டுமே.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு குளிர்காலத்தில் பக்தியான பையன் தன் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தான். கடைப்பெட்டியில் சேர்ந்த தினார்களை அள்ளிக்கொண்டு பின்னறைக்குப் போவான். திரும்பி வரும்போது காசுகள் அத்தனையும் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஒரு கீற்று போயிருக்கும். வெட்டிய கீற்றுகளை உருக்கி, கடலுக்கு அந்தப் பக்கம் ஆங்கோனாவிலிருந்து வருகிற ஒருவனுக்கு விற்றான். இதை உலகத்தில் அவன்தான் கண்டுபிடித்தான் என்று நினைக்க வேண்டாம். காசு இருக்கிற ஊரில் எல்லாம் இந்தக் கை இருக்கும். ஆனால் பிரிப்கோ பண்ணினானே ஒரு கூத்து, அதை நம் ஊர்க்காரனைத் தவிர வேறு எவனும் பண்ணியிருக்க மாட்டான்.

காசின்மேல் புனிதர் இருக்கிறார் அல்லவா? அவரை வெட்டலாமா? நம் ஊரைக் காக்கிறவர், நம் தொண்டையைக் காக்கிறவர், அவர் கோலில் கத்தரி பட்டால் கை விளங்குமா? அதனால் பிரிப்கோ ஒவ்வொரு காசையும் புனிதரின் முகம் மேலே தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு, அவருடைய தொப்பி நுனி, கோல் முனை, செருப்பு எதுவும் படாமல், வெற்றிடம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் பதவிசாக வெட்டினான். காசுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது என்று அந்த மண்டைக்கு உறைக்கவில்லை. அங்கே ஆண்டவர் இருந்தார். காசு அடிக்கும்போது இரண்டு அச்சுகளையும் நேருக்கு நேர் பார்த்து வைக்க எவனுக்கு நேரம் இருக்கிறது? அதனால் ஒரு காசில் ஆண்டவருக்குத் தலை போயிற்று, இன்னொன்றில் பாதம் போயிற்று, மற்றொன்றில் ஆசீர்வதிக்கிற கையே போயிற்று. புனிதர் மட்டும் எல்லாவற்றிலும் சேதாரம் இல்லாமல் நின்றார்.

காசு மாற்றுகிறவர்கள் அதைக் கவனித்து நாணயச்சாலைக்குக் கொண்டுபோனார்கள். அதிகாரி காசுகளை மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம்.

“இவன் நம்ம ஊர்க்காரன்தான்யா. வெனிஸ்காரனா இருந்தா ரெண்டு பேரையுமே வெட்டியிருப்பான்.”

ஊரே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கத்தரி பிடிக்கிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்த அன்றே பிரிப்கோ அத்திப்பழப் படகு ஒன்றில் ஏறிக் கம்பி நீட்டிவிட்டான். ஓடியவன் ஓடியதாலேயே மாட்டினான். ஆளில்லாமலே தீர்ப்பாயிற்று. பிடிபட்டால் வலது கை போகும்.

அன்றிலிருந்து அவன் கோத்தோரில் தோல் பதனிடுகிற ஒருவனிடம் எடுபிடி. வருஷம் முழுக்க நாற்றத்தில் கிடந்துவிட்டு, கொடி பறக்கிற நாட்களில் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊருக்குள் வருவான். ஸ்லாவுஷா அவனுக்குச் சோறு போடுவாள், பின்னறையில் பாயைப் போடுவாள், பேச மாட்டாள். கொடி இறங்குவதற்குள் அவன் போய்விடுவான். அவன் படுத்த பாயைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் உதறிவிட்டு வருவாள். இவ்வளவுதான் அவர்களுடைய இல்லறம்.

அந்த வருஷம், கொடி ஏறிய மறுநாள், புனிதரின் திருநாளன்று, கோயிலில் தொண்டைக்கு ஆசீர்வாதம் வாங்கிய கையோடு, முட்டைக்கோசும் புகைபோட்ட ஆட்டுக்கறியும் வேகவைத்து அவனுக்குப் போட்டாள். அவன் தின்கிற அழகே தனி. எலும்பை உறிஞ்சுகிற சத்தம் கடை வரைக்கும் கேட்கும். தின்று முடித்துவிட்டு, மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே சொன்னான்.

“அடியே, இந்த வருஷம் நான் திரும்பிப் போகப் போறதில்ல.”

“கொடி இறங்கினா கையை வெட்டுவாங்க. எந்தக் கைன்னு ஞாபகம் இருக்கா, சொல்லணுமா?”

“எவன் வெட்டுவான்? நான் காசை வெட்டினதை எவன் பாத்தான்? பயந்து ஓடினேன். ஓடினவன் எல்லாம் திருடனா?”

“திருடனெல்லாம் ஓடுவான். இப்ப என்ன, நீ வெட்டலைங்கறியா?”

“மச்சான் வெட்டினான்.”

ஸ்லாவுஷா கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

“எந்த மச்சான்?”

“எனக்கு எத்தனை மச்சான்டி இருக்கான்? ரத்கோதான். அவன் செஞ்சதை நான் ஏத்துக்கிட்டு, குடும்ப மானத்துக்காக ஊரை விட்டுப் போனேன்னு கோயில் சாமியார் மூலமா மனு குடுத்தாச்சு. அவருக்கும் சந்தோஷம். புருஷன் பொண்டாட்டி ஒண்ணு சேரணும்னு அவருக்கு ரொம்ப நாளா ஆசை. நான் ஒரு சத்தியம், வீட்டு ஆள் ஒருத்தர் ஒரு சத்தியம். ரெண்டும் பண்ணிட்டா தண்டனை ரத்துன்னு நீதிபதி சொல்லிட்டார். நாளன்னைக்கு நீதிபதிங்க உக்கார்ற மாளிகைக்கு வந்து நீ ஒரு வார்த்தை சொல்லு, போதும்.”

“என் அண்ணன் செத்து மண்ணுக்குள்ள கிடக்கிறான்டா பாவி.”

“அதைத்தான் நானும் சொல்றேன். செத்தவனுக்குக் கை இருந்தா என்ன, போனா என்ன?”

இதைச் சொல்லிவிட்டுப் பல்லை இளித்தான், ஏதோ பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்ட மாதிரி.

ரத்கோ கொள்ளைநோய் வந்த வருஷம் போய்ச் சேர்ந்தான். பொற்கொல்லர்களும் நாணயச்சாலை ஆட்களும் சேர்ந்து வைத்திருக்கிற சகோதர சபையின் கல்லறையில் அவனைப் புதைத்திருந்தார்கள். அவன் விதவை நிகோலெதாவுக்கு மாசாமாசம் மாவும் எண்ணெயும் அந்தச் சபைதான் கொடுக்கிறது. அவனுடைய இரண்டு பெண்களுக்கும் சீர் செய்து கட்டிக்கொடுப்பதாகவும் சபை ஒப்புக்கொண்டிருந்தது. காசை வெட்டியவன் என்று பெயர் விழுந்தால் கல்லறையில் எலும்புகூடத் தங்காது, தோண்டி மதிலுக்கு வெளியே எறிவார்கள். மாவு நின்றுபோகும். திருடன் பெற்ற பெண்களை எவன் கட்டுவான்? ஸ்லாவுஷாவின் ஒரே ஒரு வார்த்தையில் இவ்வளவும் இருந்தது.

“எழுந்து போயிரு” என்றாள். “என் அண்ணன் பேரை உன் வாயால இன்னொரு தரம் சொன்னே, கொதிக்கிற கஞ்சியை மூஞ்சில ஊத்துவேன்.”

அவன் எழவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“சரி, சொல்லாதே. அப்புறம் நான் வேற ஒண்ணு சொல்லுவேன். அந்தக் காசெல்லாம் எந்தப் பெட்டிலேருந்து வந்துச்சு? வெட்டினதை மறுநாள் யாரு மீன்காரிங்களுக்குச் சில்லறையா குடுத்தா? அந்தக் குளிர் முழுக்க வக்கணையா கறி தின்னியே, எங்கேருந்துய்யா வருதுன்னு ஒரு நாளாவது கேட்டியா? என் கை போனா போகட்டும். உன் கடையும் கூடவே போகும்.”

அவள் அகப்பையை எடுத்துச் சட்டிக்குள் போட்டாள். அவன் சொன்னது நிஜம். வெட்டிய காசு விரலுக்கு உடனே தெரியும், காலையில் பெட்டியைத் திறந்ததுமே அவளுக்குத் தெரிந்தது. ஓரம் சுரண்டின மாதிரி இருக்கும். தெரிந்துதான் மீன்காரிகளுக்கு நீட்டினாள். அவர்களில் ஒருத்தி முறைத்துப் பார்த்தபோது, “விளாஹோ சாமி முழுசாத்தானே இருக்கார், பிடிக்கலைன்னா கொண்டா” என்று ஒரு அதட்டல் வேறு போட்டாள். கறி ருசியாக இருந்தது. புருஷனைப் பார்த்துக் காறித் துப்புகிற போதெல்லாம் கொஞ்சம் எச்சில் தன்மேலும் விழுகிறது என்று அவளுக்குத் தெரியும். அதை யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனிடம்கூட.

ஆனாலும் அவள் மூளை ஓய்ந்துவிடவில்லை. சத்தியம் எதன்மேல்? நற்செய்திப் புத்தகத்தின்மேல். அதன்மேல் பிரிப்கோ எதை வேண்டுமானாலும் சொல்வான், ஆண்டவரைத்தான் அவன் ஏற்கெனவே நறுக்கித் தள்ளியவனாயிற்றே. புனிதரின் கைமேல் என்றால்? விளாஹோவின் கை எலும்பை வெள்ளியால் கவசம் பண்ணிக் கோயில் பெட்டகத்தில் வைத்திருக்கிறார்கள். திருநாளில் ஊர்வலமாக வருவதும் அதுதான். அதைத் தொட்டு இந்தக் கோழை பொய் சொல்வானா? செத்தாலும் சொல்ல மாட்டான். வாய் கோணிப்போகும் என்று நடுங்குவான். இந்த ஆளிடம் நிஜமானது என்று ஒன்று இருந்தால், அந்த ஒரு பயம்தான்.

மறுநாள் காலை முதல் வேலையாக மாளிகைக்குப் போனாள். குமாஸ்தாவின் மேசைமேல் ஒரு குடுவை நல்ல மல்வாசியா ஒயினை வைத்து, “சத்தியம் விளாஹோ சாமி கை மேலதான் நடக்கணும். இல்லேன்னா நான் வர மாட்டேன்னு நீதிபதி கிட்ட சொல்லுங்க” என்றாள். குமாஸ்தா குடுவையைப் பார்த்தான், அதற்கென்ன, நடக்கும் என்றான்.

திரும்பி வந்தபோது அண்ணி நிகோலெதா கடை வாசலில் நின்றிருந்தாள். அவளுக்கு விஷயம் எட்டிவிட்டிருந்தது. முக்காட்டு நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டே பேசினாள்.

“நீ உன் புருஷனோட வாழணும்னு ஆசைப்பட்டா நான் குறுக்க நிக்க மாட்டேன்மா. ஆனா என் பொண்ணுங்க...”

“வாழணுமாம்! அந்த மூஞ்சியோட! அண்ணி, என்னைப் பாத்தா உனக்கு அவ்வளவு கேவலமாவா தெரியுது?”

“கோவிச்சுக்காதே. ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமே இல்ல. சபைத் தலைவர் வேற வந்து, ‘உண்மைன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது’ன்னு சொல்லிட்டுப் போறாரு.”

“அந்த ஆளு எதைத்தான் பண்ணினாரு! மெழுகுதிரி பிடிக்கிறதுக்கும் வயித்தைத் தூக்கிட்டு ஊர்வலம் போறதுக்கும்தான் லாயக்கு. நீ வீட்டுக்குப் போ. இவன் வாயையே திறக்க மாட்டான். புனிதர் கையைக் கண்டாலே காற்சட்டை நனைஞ்சிரும். பாரு வேணும்னா.”

நிகோலெதா போனாள். ஸ்லாவுஷா அன்று முழுக்கக் கோப்பைகளைக் கழுவினாள். கழுவிய கோப்பைகளை மறுபடியும் கழுவினாள்.

விசாரணை நடந்த அறையில் இரண்டு நீதிபதிகள் இருந்தார்கள். ஒருவர் தூங்கினார். மற்றவர் ஜூனியே பிரபு, கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு இருமிக்கொண்டே இருந்தார். தொண்டைக்கு ஆசீர்வாதம் வாங்கும்போது முதல் வரிசையில் நின்றவர் அவர். சபைத் தலைவர் ஒரு பெஞ்சில், நிகோலெதா சுவரோரம். சாமியார் வெள்ளிக் கையைப் பட்டுத்துணியில் ஏந்திக்கொண்டு வந்து மேசைமேல் நிறுத்தினார். இரண்டு விரல் நிமிர்ந்த கை, சன்னல் வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது.

ஸ்லாவுஷா புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக் கையைக் கண்டதும் அவன் எச்சில் விழுங்கினான். சரிதான், தொலைந்தான், என்று அவள் நினைத்தாள். உள்ளுக்குள் சிரிப்புகூட வந்தது.

“புனிதர் கைமேல சத்தியம்” என்றார் ஜூனியே பிரபு, இருமலுக்கு நடுவில். “பொய் சொன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல?”

“தெரியும் பிரபு.”

பிரிப்கோ முன்னால் போனான். வலது கையைத் தூக்கி அந்த வெள்ளி விரல்கள்மேல் வைத்தான்.

“காசை வெட்டினது என் மச்சான் ரத்கோ. நான் இல்ல. பொய் சொன்னா புனிதர் என் தொண்டையை அடைக்கட்டும்.”

ஒரு தடங்கல் இல்லை. நாக்குக்கூடக் கூசவில்லை. சொல்லிவிட்டு, அந்த வெள்ளிக் கைக்குக் குனிந்து ஒரு முத்தமும் வைத்தான். சாமியாரின் கண் கலங்கிவிட்டது. அடடா, என்ன பக்தி!

சுவரோரத்தில் நிகோலெதா உட்கார்ந்துவிட்டாள். சபைத் தலைவர் அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை வருஷம் ஸ்லாவுஷா இந்த ஆளை வெறுத்தாள், சரி. ஆனால் அடி ஆழத்தில் ஒரு மதிப்பு வைத்திருந்திருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிந்தது. திருடன்தான், கோழைதான், ஆனால் ஒன்றுக்காவது பயந்தவன் என்று. அந்த ஒன்றை நம்பித்தானே அண்ணனின் பெயரை இந்த அறைக்குள் கொண்டுவந்தாள்? அவளே கேட்டு, அவளே ஒயின் கொடுத்து ஏற்பாடு பண்ணின சத்தியம் இது. நற்செய்திப் புத்தகத்தின்மேல் என்றிருந்தால் சந்தேகப்படவாவது நாலு பேர் இருந்திருப்பார்கள். புனிதரின் கைமேல் சொன்னதை இந்த ஊரில் எவன் சந்தேகப்படுவான்?

“ஸ்லாவுஷா” என்றார் பிரபு. “உன் முறை. செத்துப்போன ரத்கோதான் வெட்டினான்னு நீயும் சொல்றியா?”

அவள் முன்னால் வந்தாள். பிரிப்கோ பக்கத்தில் நின்று, மற்றவர்களுக்குக் கேட்காமல், “கறி” என்று ஒரே ஒரு வார்த்தை முணுமுணுத்தான்.

“சத்தமா சொல்லுய்யா” என்றாள் ஸ்லாவுஷா. அந்தக் குரலில் தூங்கிய நீதிபதியும் விழித்துக்கொண்டார். “வெக்கப்படாதே, சொல்லு. சரி, நானே சொல்றேன். பிரபு, என் அண்ணன் சுத்தியலைத் தவிர எதையும் தொட்டதில்ல. வெட்டினது இதோ நிக்குதே, இந்தப் பொறுக்கி. என் வீட்டுப் பின்னறையில, என் மேசை மேல, என் கடைப்பெட்டிக் காசை. எனக்குத் தெரியும். காலையில பெட்டியைத் தொட்டதுமே தெரியும். தெரிஞ்சுதான் அதையெல்லாம் மீன்காரிங்களுக்குச் சில்லறையா குடுத்தேன். கேட்டவளை அதட்டியும் விட்டேன். வந்த பணத்துல கறி வாங்கினான். நானும் உக்காந்து தின்னேன். அண்ணனுக்கு ஒரு துண்டு குடுத்தனுப்பினேன். அவன் நாங்க நல்லா இருக்கோம்னு நினைச்சுச் சந்தோஷப்பட்டான். அதுதான் அவன் செஞ்ச தப்பு.”

அவள் வெள்ளிக் கையைத் தொட்டாள். நிமிர்ந்த அந்த விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் பார்த்தார்கள்.

“பொய்!” என்று பிரிப்கோ கத்தினான். “என் மேல உள்ள கடுப்புல உளர்றா!”

ஜூனியே பிரபு இருமி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் ஒன்றும் பெரிய புத்திசாலி இல்லை. ஆனால் கடை வைத்திருக்கிறவர்களை அவருக்குத் தெரியும்.

“ஏம்மா, இதைச் சொன்னதுக்கு உன் கடை போகும், வீடு போகும், ஊரை விட்டே போகணும். தெரிஞ்சுதான் பேசறியா?”

“தெரியும்.”

“கடுப்புக்காக எவளும் தன் கடையைத் தூக்கிக் குடுக்க மாட்டா” என்றார் பிரபு, பக்கத்து நீதிபதியிடம். அந்த ஆள் தலையாட்டினார். எதற்கும் தலையாட்டுகிறவர்தான். “ரத்கோ பேர்ல குத்தம் இல்லைன்னு எழுதிக்கோ. இவன் தண்டனை அப்படியே இருக்கட்டும், பொய்ச் சத்தியம் வேற சேரட்டும். இவளுக்குக் கடை பறிமுதல், ஊர்விலக்கு. கொடி பறக்கிற வரைக்கும் ரெண்டு பேரையும் தொடக் கூடாது. இறங்கறதுக்குள்ள போயிரணும்.”

நிகோலெதா வந்து நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அழாதே அண்ணி” என்றாள் ஸ்லாவுஷா. “உருப்படியா ஒரு வேலை பண்ணு. கடைக்கு முத்திரை வைக்க ஆள் வர்றதுக்குள்ள பெரிய பீப்பாய் ரெண்டையும் உன் வீட்டுக்கு உருட்டிட்டுப் போ. நல்ல சரக்கு. சபைத் தலைவருக்கு மட்டும் ஊத்திக் குடுத்துராதே.”

கொடி இறங்குகிற நாள் காலையில் ஒரு மூட்டையோடு அவள் கிளம்பினாள். மலையிலிருந்து வீசுகிற புரா குளிர்காற்று எலும்பு வரை இறங்கியது. கடைக் கதவைப் பூட்டவில்லை, பூட்டுவதற்கு அது இனி அவளுடையது இல்லை. கோத்தோர் வழிக்குப் போகிற கிழக்கு வாசலுக்குப் பக்கத்தில் மதிலோரமாகப் பிரிப்கோ நின்றுகொண்டிருந்தான், தோளில் சாக்கு. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வெட்கம், மானம், சூடு, சொரணை எதுவும் அந்த முகத்தைத் தொட்டதே இல்லை.

“வா, வா. உனக்காகத்தான் நின்னேன். நடந்தது நடந்துபோச்சு. கோத்தோர்ல ஒரு ரூம் இருக்கு, நாத்தம் பழகிடும். இனிமே நீயும் நானும் ஒண்ணுதானே.”

அதுதான் அவளைச் சுட்டது. கடை போனதைவிட, வீடு போனதைவிட. அவன் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. ஊரின் குற்றப் புத்தகத்தில் இனி இரண்டு பெயரும் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கும்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்” என்றாள். “அந்தக் கையைத் தொட்டப்ப உனக்கு ஒண்ணுமே ஆகலையா? துளிகூடப் பயமா இல்லையா?”

பிரிப்கோ யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

“தொடற வரைக்கும் பயமாத்தான் இருந்துச்சு. தொட்டா, சும்மா வெள்ளிடி அது. சில்லுன்னு இருந்துச்சு, அவ்வளவுதான். நல்ல வெள்ளி.”

அவளுக்கு அழுகை வந்தது. இந்த ஆளுக்கு முன்னால் அழுதுவிடுவோமோ என்று பயந்து மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள். பிறகு திரும்பி, வந்த தெருவிலேயே மேற்கு வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். மீன்காரி ஒருத்தி எதையோ சொன்னாள், காற்றில் சரியாகக் கேட்கவில்லை.

“அடியே, எங்க போற?” என்று பின்னாலிருந்து பிரிப்கோ கத்தினான். “அந்தப் பக்கம் உனக்கு யாருடி இருக்கா?”

அந்தப் பக்கம் அவளுக்கு யாருமே இல்லை. அதனால்தான் அந்தப் பக்கம் போனாள்.